பெரிய ரீஃப் டேங்குக்கு ரிட்டர்ன் பம்பு: நம்ம பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோயம்புத்தூரில் பம்பைப் பற்றிப் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்து காட்டிய ஊர். சொந்தத்தில் ஒருவர் பவுண்டரி, ஒருவர் வைண்டிங், ஒருவர் லேத் என்று எப்படியும் இருப்பார்கள். பவளத் தொட்டி வைப்பவருக்கு அதுவே சிக்கலாகிவிடுகிறது. எல்லோருக்கும் பம்பு தெரியும், எல்லோரும் "எதுக்கும் ஒரு சைஸ் பெருசாவே போட்டுருங்க" என்பார்கள். தென்னந்தோப்புக்கு அது நல்ல யோசனை. ரீஃப் டேங்குக்கு இல்லை.

கீழே உள்ள கணக்கெல்லாம் என் வீட்டுத் தொட்டியை வைத்துப் போட்டது: ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரம். கன அடிக்கு 28.3 லிட்டர் வைத்தால் 1,060 லிட்டர். கீழே சம்ப்பில் இன்னொரு 250 லிட்டர். உங்கள் அளவைப் போட்டு நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ரிட்டர்ன் பம்புக்கு அப்படி என்னங்க வேலை?

தொட்டியின் மேல்மட்டத்துத் தண்ணீர் ஓவர்ஃப்ளோ வழியாகக் கீழே சம்ப்புக்கு இறங்குகிறது. ஸ்கிம்மர் (நுரையாக அழுக்கைப் பிரித்தெடுப்பது), ஃபில்டர், ஹீட்டர் எல்லாம் அங்கேதான். அந்தத் தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றுவது ரிட்டர்ன் பம்பு. சம்ப் என்றதும் வாசலில் தரைக்கடியில் இருக்கும் குடிதண்ணீர்ச் சம்ப்பை நினைக்க வேண்டாம். இது ஸ்டாண்டுக்குள் இருக்கும் கண்ணாடிப் பெட்டி.

பவளங்களுக்கு வேண்டிய அலையையும் இதே பம்பு கொடுக்கும் என்று நினைத்துத்தான் பலர் பெரிய பம்பு வாங்குகிறார்கள். அலைக்குத் தனியாக வேவ்மேக்கர் இருக்கிறது. அது தண்ணீரைத் தூக்குவதில்லை, தள்ளுவது மட்டும்தான். அதனால் கொஞ்ச வாட்டிலேயே நிறையத் தண்ணீரை அசைக்கும். அந்த வேலையை ரிட்டர்ன் பம்பின் தலையில் கட்டாதீர்கள்.

என் தொட்டிக்கு மணிக்கு எத்தனை லிட்டர் வேணும்?

தொட்டிக் கொள்ளளவைப் போல மூன்றிலிருந்து ஐந்து மடங்கு. என் தொட்டிக்கு 3,000 முதல் 5,000 லிட்டர். நான் 3,000-இல் ஓட்டுகிறேன். "பத்து மடங்கு வேணும்" என்று யாராவது சொன்னால், நல்ல வேவ்மேக்கர் இல்லாத காலத்துக் கணக்கைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட ஓட்டினால் என்ன கெட்டுப்போகும் என்றால், முதலில் சத்தம். ஓவர்ஃப்ளோ குழாய் கொதிக்கும் குண்டா மாதிரி குபுகுபுவென்று கத்தும். அடுத்து, சம்ப்பில் பொடிக் குமிழ்கள் அடங்க நேரம் கிடைக்காமல் தொட்டிக்கே வந்துவிடும், தண்ணீர் சோடா மாதிரித் தெரியும். மூன்றாவது கரண்ட் பில்லும் சூடும். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

பெட்டியில 5,000 லிட்டர்னு போட்டிருக்கு, அளந்து பார்த்தா பாதிகூட வரலையே, ஏமாத்தறாங்களா?

இல்லை. பெட்டியில் இருக்கும் பெரிய எண், தண்ணீரை ஒரு அடிகூடத் தூக்காமல் விட்டால் வரும் அளவு. அதன் பக்கத்தில் போட்டிருக்கும் மீட்டர் கணக்கு, ஒரு சொட்டுகூட வெளியே வராத உயரம். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கவே கிடைக்காது. உதாரணத்துக்கு ஈஹைம் கம்பெனியின் 1262 பம்பு: 3,400 லிட்டர், 3.6 மீட்டர், 80 வாட். 3.6 மீட்டர் உயரத்தில் அது தரும் தண்ணீர் பூஜ்யம்.

போர் மோட்டார் வாங்கும்போது "எத்தனை அடி ஹெட்டுக்கு (தண்ணீரை ஏற்றும் உயரத்துக்கு) எவ்வளவு டெலிவரி?" என்று கேட்காமல் இந்தப் பக்கத்துக் குடியானவர் யாரும் காசை எடுப்பதில்லை. அதே ஆள் மீன் கடைக்குள் நுழைந்ததும் பெட்டியின் படத்தைப் பார்த்து வாங்கிவிடுகிறார். ரிட்டர்ன் பம்புக்கும் கர்வ் உண்டு, அதாவது எந்த உயரத்தில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று காட்டும் கோட்டுப் படம். கையேட்டில் இருக்கும், கடைக்காரரிடம் கேளுங்கள். கர்வ் காட்டாத பம்பை நான் வாங்குவதில்லை.

இன்னொன்று: அமெரிக்கக் கணக்கு 60 ஹெர்ட்ஸுக்கு, நம்மூர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். சாதா ஏசி கரண்ட் பம்பு இங்கே மெதுவாகத்தான் சுற்றும். வேகம் ஆறில் ஐந்து பங்கானால் தண்ணீரும் ஆறில் ஐந்து பங்கு, ஏற்றும் உயரமோ ஏறக்குறைய எழுபது சதம்தான். அதனால் 50 ஹெர்ட்ஸ் பத்தியைத்தான் பார்க்க வேண்டும். டிசி பம்புக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஹெட் எப்படிக் கணக்குப் பண்றது?

சம்ப்பின் தண்ணீர் மட்டத்திலிருந்து மேல் தொட்டியின் தண்ணீர் மட்டம் வரை அளக்க வேண்டும். பம்பின் அடியிலிருந்தோ தரையிலிருந்தோ அளப்பது தப்பு. என் ஸ்டாண்டு மூன்றடி. சம்ப் தண்ணீர் தரையிலிருந்து ஒரு அடியில் நிற்கிறது, மேல்மட்டம் சுமார் 5.4 அடியில். வித்தியாசம் 4.4 அடி, அதாவது 1.35 மீட்டர்.

இதோடு முடியவில்லை. குழாயின் உராய்வைச் சேர்க்க வேண்டும். பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். எனக்கு இரண்டு மீட்டர் குழாய், மூன்று எல்போ. எல்போக்களையும் நீளமாக மாற்றினால் மொத்தம் நாலரை மீட்டர் என்று வையுங்கள். மணிக்கு 3,000 லிட்டர் போனால்:

முக்கால் இன்ச் குழாயில் (உள்விட்டம் 20 மி.மீ.) உராய்வு மட்டும் 1.6 மீட்டருக்கு மேல். ஒரு இன்ச்சில் (25 மி.மீ.) அரை மீட்டருக்குச் சற்று மேல். ஒண்ணேகால் இன்ச்சில் (32 மி.மீ.) வெறும் 17 செ.மீ.

குழாயை முக்காலிலிருந்து ஒண்ணேகாலுக்கு மாற்றினால் மொத்த ஹெட் மூன்று மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டராகக் குறைகிறது. சில நூறு ரூபாய் பிவிசிக்காக ஒரு சைஸ் பெரிய பம்பை வாங்கி, அதற்கு வருஷக்கணக்கில் கரண்ட் பில்லும் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பம்பின் வாய் முக்கால் இன்ச் என்பதற்காகக் குழாயும் முக்கால் இன்ச் இருக்க வேண்டியதில்லை. வாயிலேயே ரெட்யூசர் போட்டுப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

ஆகக் கடையில் கேட்க வேண்டிய கேள்வி: "ஒன்றரையிலிருந்து இரண்டு மீட்டர் ஹெட்டில் 3,000 லிட்டர் கொடுக்குமா?" மேலே சொன்ன 1262-ஐ இந்தக் கேள்வியோடு பாருங்கள். தூக்காமலேயே 3,400 தருவது, இரண்டு மீட்டரில் 3,000 தராது.

நம்மூர் அரை எச்பி மோனோபிளாக் இருக்குது. சும்மா கெடக்குது, போட்டுக்கலாமுங்களா?

வேண்டாமுங்க. எங்கள் பெரியப்பாவும் இதைத்தான் கேட்டார், மனசு வராமல் இரண்டு நாள் வாதாடினார். பாடி வார்ப்பிரும்பு, உப்புத் தண்ணீரில் துரு பிடிக்கும். உள்ளே பித்தளையோ கன்மெட்டலோ இருந்தால் இன்னும் மோசம். செம்பு மிகக் கொஞ்சம் கரைந்தாலே பவளம், இறால், நத்தை எல்லாம் செத்துப்போகும். அரை எச்பி என்றால் 373 வாட், நமக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு. "அப்போ எஸ்எஸ் பாடி?" என்பார்கள். 304 எஃகு கடல்நீரில் புள்ளி புள்ளியாக அரிக்கும். 316 கொஞ்சம் தாங்கும், ஆனால் இடுக்குகளில் அதுவும் அரிக்கும்.

ஏர்கூலர் பம்பும் வேண்டாம். அதன் ஷாஃப்ட் பெரும்பாலும் சாதா எஃகு. காயிலை மூடிய பிசின் விரிசல் விட்டால் உள்ளே இருக்கும் செம்புக் கம்பி நேரே தண்ணீரில்.

ரீஃப் பம்பில் தண்ணீர் படும் இடத்தில் உலோகமே இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் பாடி, செராமிக் ஷாஃப்ட், பிசினுக்குள் புதைத்த காயில், காந்தத்தால் சுற்றும் இம்பெல்லர். அதில் சீல் கிடையாது, கசிவதற்கும் ஒன்றுமில்லை.

ஏசியா, டிசியா?

இந்த அளவுத் தொட்டிக்கு டிசி என்பேன். வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், மெதுவாகக் கிளம்பும், தீனி போடும்போது பத்து நிமிஷம் நிறுத்தி வைக்கும் பட்டன் இருக்கும், சத்தம் குறைவு. அதே தண்ணீருக்குக் கரண்டும் பெரும்பாலும் குறைவு.

அதன் பலவீனம் பம்பில் இல்லை, கன்ட்ரோலரிலும் அடாப்டரிலும்தான். என் முதல் டிசி பம்பின் கன்ட்ரோலர் பதினாலாவது மாதம் போனது. வாரண்டி பன்னிரண்டு மாதம்! பம்பு இன்னும் நன்றாகச் சுற்றுகிறது, கன்ட்ரோலர் தனியாகக் கிடைக்கவில்லை, அலமாரியில் காட்சிப் பொருளாக இருக்கிறது. அதனால் இப்போது வாங்கும் முன்பே கேட்டுவிடுகிறேன்: கன்ட்ரோலர், அடாப்டர், இம்பெல்லர் மூன்றும் தனித்தனியாகக் கிடைக்குமா என்று. இல்லை என்றால் அந்தப் பம்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வேண்டாம். கன்ட்ரோலரை ஸ்டாண்டுக்கு உள்ளே வைக்காதீர்கள், உப்புக் காற்று தின்றுவிடும்.

ஏசி கரண்ட் பம்பு பழைய அம்பாசிடர் மாதிரி. நுணுக்கம் ஒன்றுமில்லை, பத்து வருஷம் ஓடும். ஆனால் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் ஊர்ப்பக்கம் என்றால், கரண்ட் போய் வந்தபின் சில நேரம் சுற்றாமல் உறுமிக்கொண்டே நிற்கும். தோட்டத்து வீட்டுக்காரர்கள் இதை நினைவில் வையுங்கள்.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? சூடு ஏறுமா?

ரிட்டர்ன் பம்புக்கு லீவே கிடையாது. 80 வாட் பம்பு இரண்டு மாத பில்லில் 115 யூனிட். 40 வாட் என்றால் 58. நம்மூர் ஸ்லாப் கணக்கில் அந்த 57 யூனிட் எந்தப் படியில் போய் விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான் வலி.

சூட்டைத்தான் யாரும் யோசிப்பதில்லை. தண்ணீருக்குள் இருக்கும் பம்பு இழுக்கும் கரண்ட் முழுவதும் கடைசியில் தண்ணீரில் சூடாகத்தான் வந்து சேரும். 80 வாட் ஒரு நாள் ஓடினால், சூடு வெளியே போகவே வழியில்லை என்று வைத்துக்கொண்டால், என்னுடைய 1,300 லிட்டரை 1.3 டிகிரி செல்சியஸ் ஏற்றும். மார்கழியில் பரவாயில்லை, ஹீட்டருக்கு உதவி. சித்திரையில் வீட்டுக்குள்ளேயே 33, 34 டிகிரி இருக்கும்போது, தொட்டியை 26-இல் வைத்திருக்க சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்) படாதபாடு படும். அப்போது பம்பின் சூட்டை வெளியேற்றவும் சில்லருக்குக் கரண்ட் கட்டுகிறோம். ஒரே பம்புக்கு இரண்டு பில்.

சில்லருக்கும் அதே பம்பிலிருந்து எடுக்கலாமா?

எடுக்கலாம், நான் எடுப்பதில்லை. சில்லரின் உள்குழாய் நல்ல தடை. ரிட்டர்ன் வழியில் தொடராக வைத்தால் மேலே சொன்ன ஹெட் கணக்கெல்லாம் மாறிவிடும். சம்ப்பிலிருந்து சில்லருக்குத் தனியாகச் சின்னப் பம்பு வைத்தால், சில்லரைக் கழற்றிக் கழுவும் நாளிலும் தொட்டி நிற்காது.

கரண்ட் போனா சம்ப் நிரம்பி வழியுதுங்க, தண்ணியை ஒரு பக்கமா மட்டும் விடற செக் வால்வு போட்டாச் சரியாயிருமா?

பம்பு நின்றதும் ரிட்டர்ன் குழாய் சைஃபனாகிவிடும். மேலே குழாயின் வாய் காற்றைத் தொடும் வரை தண்ணீர் பின்னோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். என் தொட்டியில் ஒரு இன்ச் தண்ணீர் என்பது 35 லிட்டர். வாய் நாலு இன்ச் ஆழத்தில் இருந்தால் 140 லிட்டர் கீழே வரும்.

என் கதை இது. வாய் நாலு இன்ச் ஆழத்தில்தான் வைத்திருந்தேன். சைஃபனை உடைக்க மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு துளை போட்டிருந்தேன், அதை நம்பி எட்டு மாதம் நிம்மதி. ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, நான் பொள்ளாச்சியில் ஒரு கல்யாண வீட்டில். அம்மா போன் பண்ணினார்: "கண்ணு, ஊட்டுக்குள்ள கடல் வந்துருச்சு!" அறுபது லிட்டர் உப்புத் தண்ணீர் ஹாலில். வந்து பார்த்தால் அந்தத் துளைக்குள் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய நத்தை ஒன்று, கார்க் மாதிரிப் போய் உட்கார்ந்திருந்தது.

செக் வால்வும் இப்படித்தான். மடலில் சுண்ணாம்பு படியும், நத்தை ஏறும், ஒருநாள் முழுதாக மூடாது. போடுவதானால் போடுங்கள், அதை நம்பி சம்ப் மட்டத்தை ஏற்றாதீர்கள். நம்பக்கூடியது இடம் மட்டும்தான். இப்போது என் குழாயின் வாய் மட்டத்திலிருந்து ஒரு இன்ச் ஆழத்தில். இறங்குவது 35 லிட்டர், ஓவர்ஃப்ளோ பெட்டியிலிருந்து இன்னும் கொஞ்சம். சம்ப்பில் எப்போதும் நூறு லிட்டருக்கு இடம் காலி.

மாதாந்திரப் பராமரிப்புன்னு காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட் நிறுத்தறாங்களே, பம்பை இன்வர்ட்டர்ல போடலாமா?

முதலில் இன்வர்ட்டரில் போட வேண்டியது ரிட்டர்ன் பம்பு இல்லை, ஒரு வேவ்மேக்கர். மேல்மட்டத்தைக் கலக்கிவிட்டால் ஆக்சிஜன் கிடைக்கும், மீன்கள் பிழைக்கும். இருபது வாட்டில் அந்த வேலை முடிந்துவிடும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி பேப்பரில் 1,800 வாட்-மணி. பேட்டரி பழசாவதும் இன்வர்ட்டர் தின்பதும் போக ஆயிரத்தைத்தான் நான் கணக்கில் வைப்பேன். வேவ்மேக்கர் 20, டிசி ரிட்டர்ன் பம்பு மெதுவாக 50 வாட் என்றால் பகல் முழுக்கத் தாங்கும். அதே இன்வர்ட்டரில் வீட்டு ஃபேன் நாலும் ஓடினால் தாங்காது.

சைன் வேவ் இன்வர்ட்டராகத்தான் இருக்க வேண்டும். பழைய ஸ்கொயர் வேவில் ஏசி கரண்ட் பம்பு உறுமும், சூடாகும்.

ஒரு பெரிய பம்பா, ரெண்டு சின்னப் பம்பா?

இரண்டு. இதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. பம்பு எப்போதும் நாம் ஊரில் இல்லாத நாளில்தான் நிற்கும். இரண்டு இருந்தால், ஒன்று நின்றாலும் பாதித் தண்ணீர் ஓடும், பவளத்துக்குத் தெரியவே தெரியாது. தனித்தனிக் குழாயாக மேலே கொண்டுபோங்கள். ஒரே குழாயில் சேர்த்தால், நின்ற பம்பு வழியாகவே மற்றதன் தண்ணீர் சம்ப்புக்குத் திரும்பிவிடும். தனிக் குழாயில் இன்னொரு லாபம்: ஆளுக்கு 1,500 லிட்டர் என்று பிரிந்ததும் ஒவ்வொன்றிலும் உராய்வு கால்பங்குக்குப் பக்கமாக இறங்கிவிடும், ஒரு இன்ச் குழாயே போதும். விலை கொஞ்சம் கூடத்தான். தொட்டிக்குள் இருக்கும் பவளத்தின் விலையை ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

தண்ணிக்குள்ள வைக்கிறதா, வெளிய வைக்கிறதா?

வெளியே வைத்தால் சூடு குறைவு. ஆனால் சம்ப்பில் ஓட்டை போட வேண்டும், கசிந்தால் தரை நனையும். எனக்கு உள்ளேதான்.

தண்ணி அதிகமா வருது, வால்வை எங்க போடறது?

டெலிவரி பக்கம். உறிஞ்சும் பக்கத்தை நெரித்தால் பம்பு கரகரக்கும், இம்பெல்லர் கெடும். இது மோட்டார் மெக்கானிக் எவரைக் கேட்டாலும் சொல்வார். டிசி என்றால் வால்வை முழுசாகத் திறந்து வைத்து வேகத்தைக் குறையுங்கள்.

போர் தண்ணி உப்பா இருக்கறதாலதான் பம்பு அடைக்குதா?

அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். சிறுவாணித் தண்ணீரில் உப்பு கலக்கினாலும் அடைக்கும். ரீஃப் தண்ணீரிலேயே லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் கால்சியத்தை நாம்தான் வைத்திருக்கிறோம். சூடான இம்பெல்லர் பக்கத்தில் அது சுண்ணாம்பாகப் படிகிறது. (போர் தண்ணீரை ஆர்ஓ போடாமல் விடக் கூடாது என்பது உண்மைதான், அதன் காரணம் வேறு.)

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்த வாளியில் இரண்டு மணி நேரம் ஓட விடுங்கள். பொசபொசவென்று நுரைத்துக்கொண்டு சுண்ணாம்பு கரையும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் இம்பெல்லர் குழியைத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசிவிட்டு மாட்டுங்கள். செராமிக் ஷாஃப்ட் கண்ணாடி மாதிரி, கீழே போட்டால் அவ்வளவுதான். இரண்டு பம்பு இருந்தால் இந்த வேலைக்குத் தொட்டியை நிறுத்தவும் வேண்டாம்.

மன்னார் வளைகுடாப் பவளம் வாங்கி விடலாமா?

பம்புக் கேள்வி இல்லை, ஆனாலும் மாதம் ஒருவர் கேட்கிறார். கூடாது. நம் கடலின் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம்.

ஷாக் அடிக்குமா?

அடிக்கக் கூடாது, அதற்குத்தான் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்). தொட்டிக்கென்று தனியாக ஒன்று போடுங்கள், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒயர் பிளக்குக்கு ஏறும் முன் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து போகட்டும். ஒயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

பம்பு வந்திருச்சு. முதல்ல என்ன பண்றது?

உப்பு கலக்காமல் நல்ல தண்ணீரிலேயே ஓட்டிப் பாருங்கள். ரிட்டர்ன் வாயை இருபது லிட்டர் வாளிக்குத் திருப்பி, போனில் நேரம் பிடியுங்கள். 24 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 3,000 லிட்டர். வாளியை மேலே தூக்கிப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். என் வீட்டில் தம்பி பிடித்தான், மூன்றாவது முறை 26 விநாடி ஆனபோது "அண்ணா, ரெண்டு செகண்டு என்னோட கை நடுக்கம், எழுதிக்க" என்றான்.

அப்புறம் ஸ்விட்சை அணைத்துவிட்டு சம்ப் பக்கத்தில் உட்காருங்கள். தண்ணீர் ஏறி நிற்கும் இடத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். மறுபடி போட்டு, ஓடும்போது நிற்கும் மட்டத்தில் இன்னொரு டேப். ஓடும்போது தண்ணீர் இரண்டாவது டேப்புக்கு மேலே நிற்கிற மாதிரி ஒருநாளும் ஊற்றாதீர்கள். வீட்டில் வேறு யாராவது தண்ணீர் ஊற்றுவார்கள் என்றால், டேப்பின் மேலேயே பெரிய எழுத்தில் "இதுக்கு மேல ஊத்தாதீங்க" என்று எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டு டேப்பில் அம்மா கையெழுத்தில்தான் இருக்கிறது.